அறிவியல் சோதனையில் சாரா மாறி: கேள்வி எழுதுவது முதல் முடிவு எழுதுவது வரை

சிங்கப்பூரில் தொடக்கநிலை 3இல் அறிவியல் பாடம் தொடங்குவதிலிருந்து உயர்நிலைப்பள்ளியின் செய்முறைத் தேர்வு வரை, மாணவர்கள் செய்யும் பெரும்பாலான சோதனைகள் ஒரே விதியின்மேல் நிற்கின்றன: ஒன்றை மட்டும் மாற்று, அதனால் இன்னொன்று எப்படி மாறுகிறது என்று அளந்து பார், மீதி அனைத்தையும் மாறாமல் வைத்திரு. இதைத் தடையில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளே, ஒரு சோதனையைத் தாமாகத் திட்டமிடச் சொன்னால் தடுமாறுவதைப் பாடம் சொல்லித்தரும்போது தொடர்ந்து பார்க்கிறேன். எந்த வேலையை முதலில் செய்யவேண்டும், எதை அதன்பின் செய்யவேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லப்படாததே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

பள்ளியில் அறிவியல் ஆங்கிலத்தில் நடப்பதால், வீட்டில் தமிழில் விளக்கும் பெற்றோருக்காகச் சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் வேண்டுமென்றே மாற்றுவது சாரா மாறி. உயர்நிலையில் இதை இண்டிபெண்டண்ட் வேரியபிள் என்றும், தொடக்கநிலையில் பெரும்பாலும் சேஞ்ச்ட் வேரியபிள் என்றும் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அதன் விளைவை அறிய நாம் அளப்பது சார்ந்த மாறி, அதாவது டிபெண்டண்ட் வேரியபிள். சோதனை முடியும்வரை ஒரே நிலையில் காக்கப்படுபவை கட்டுப்படுத்திய மாறிகள்.

தொடங்குமுன் தேவையானவை

கருவிகளை எடுப்பதற்கு முன் ஒரு வெற்றுத்தாளும் பேனாவும் போதும். அந்தத் தாளில் மூன்று தலைப்புகளுக்கு இடம் விடுங்கள்: நான் மாற்றுவது, நான் அளப்பது, நான் மாறாமல் வைப்பது. முகவையையும் (பீக்கர்) வெப்பமானியையும் கையில் எடுத்தபின் திட்டமிடத் தொடங்கும் மாணவர், கையில் இருக்கும் கருவிக்கு ஏற்ற கேள்வியைத் தேடத் தொடங்கிவிடுகிறார். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் தெளிவான விடை இருப்பதில்லை.

சார்ந்த மாறியை அளக்கும் கருவி எவ்வளவு நுட்பமாகக் காட்டும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துவையுங்கள். ஒரு மில்லிமீட்டர் வரை காட்டும் அளவுகோலால் அரை மில்லிமீட்டர் வேறுபாட்டைப் பிடிக்க முடியாது. நான்காம் படியில் சாரா மாறியின் மதிப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தத் தகவல் தேவைப்படும்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“செடி வளர்ச்சி பற்றி ஆராய்தல்” என்பது தலைப்பு. அது இன்னும் கேள்வியாகவில்லை. “ஒரு நாளுக்கு ஊற்றும் தண்ணீரின் கன அளவை மாற்றினால், பத்து நாளில் பச்சைப்பயறு நாற்றின் உயரம் எப்படி மாறும்?” என்பதே சோதனைக்கு ஏற்ற கேள்வி. வாக்கியத்தின் முதற்பாதியில் நாம் மாற்றுவது வருகிறது. பிற்பாதியில் நாம் அளப்பது வருகிறது. வாக்கியத்தை இப்படி அமைத்துவிட்டால் சாரா மாறியைத் தனியாகத் தேடவேண்டிய வேலையே இல்லை.

முதற்பாதியில் இரண்டு பொருள்கள் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். “தண்ணீரும் உரமும் செடியின் வளர்ச்சியை எப்படிப் பாதிக்கின்றன?” என்ற கேள்வியில் இரண்டு சோதனைகள் ஒளிந்திருக்கின்றன. உயரம் கூடினால் அது தண்ணீரால் வந்ததா உரத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டையும் அறிய ஆசைப்படுவது நல்லதுதான். ஆனால் தண்ணீரை மாற்றும்போது உரம் மாறாமல் இருக்கட்டும், உரத்தை மாற்றும்போது தண்ணீர் மாறாமல் இருக்கட்டும்.

2. மதிப்பை முடிவுசெய்வது யார் என்று கேளுங்கள்

பிறர் செய்த சோதனையின் விவரத்தைப் படித்துச் சாரா மாறியைக் கண்டுபிடிக்கவேண்டிய வேளையில் ஒரு கேள்வி எப்போதும் உதவும்: இந்த அளவின் மதிப்பைச் சோதனை தொடங்குமுன்பே ஆய்வாளர் தீர்மானித்துவிட்டாரா, அல்லது சோதனை நடந்தபின் கருவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாரா? முன்பே தீர்மானித்து, ஓர் அமைப்புக்கு இன்னோர் அமைப்பு வேறுபடும்படி வைத்தது சாரா மாறி. பார்த்துத் தெரிந்துகொண்டது சார்ந்த மாறி. முன்பே தீர்மானித்து எல்லா அமைப்புகளிலும் ஒன்றாகவே வைத்தது கட்டுப்படுத்திய மாறி.

இந்தக் கேள்வி மிகவும் தேவைப்படும் இடம், நேரம் வருகிற சோதனைகள். நேரம் என்றாலே அது சாரா மாறி என்று பல மாணவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். சுடுநீர் ஆறுவதை 2 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியில் பார்த்துக் குறித்தால், எந்த நிமிடத்தில் பார்ப்பது என்பதை நாமே வைத்துக்கொண்டோம். அங்கே நேரம் சாரா மாறி. வெவ்வேறு வெப்பநிலையுள்ள நீரில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை முழுதும் கரைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால், நேரத்தை நிறுத்துக்கடிகாரம்தான் நமக்குச் சொல்கிறது. அங்கே அது சார்ந்த மாறி. மூன்று வகைத் துணிகளை ஒரே அளவு நனைத்து, ஒவ்வொன்றையும் 30 நிமிடம் காயவிட்டு எடைக்குறைவைப் பார்த்தால், அந்த 30 நிமிடம் கட்டுப்படுத்திய மாறி. ஆக, ஓர் அளவு எந்த இடத்தில் அமரும் என்பதை அந்தச் சோதனையின் கேள்விதான் தீர்மானிக்கிறது. வெப்பநிலை, நீளம், நிறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சில வேளைகளில் ஆய்வாளரால் எதையும் மாற்ற முடியாது. தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும். மரநிழலிலும் வெயில்படும் புல்தரையிலும் எத்தனை வகைச் செடிகள் வளர்கின்றன என்று எண்ணினால், இடத்தின் ஒளி அளவைச் சாரா மாறியாக எழுதலாம். ஆனால் நிழலில் மண்ணின் ஈரமும் வெப்பமும் சேர்ந்தே வேறுபடும் என்பதால், ஒளியே காரணம் என்று உறுதியாகச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. இதைத் தங்கள் அறிக்கையில் தாமாகவே எழுதும் மாணவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

3. பொருளின் பெயரை எழுதாதீர்கள். அதன் அளவை எழுதுங்கள்

“சாரா மாறி: தண்ணீர்” என்ற விடை போதாது. தண்ணீரின் கன அளவா, வெப்பநிலையா, அதில் கரைந்துள்ள உப்பின் அளவா? எதை மாற்றினோம் என்று படிப்பவருக்குத் தெரியவேண்டும். “ஊற்றிய தண்ணீரின் கன அளவு, மில்லிலிட்டரில்” என்று அலகோடு எழுதும் பழக்கம் இந்தப் பிழையைத் தானாகவே தடுத்துவிடும்; ஏனென்றால் அலகு எழுதவேண்டும் என்றால் எதை அளக்கிறோம் என்பதை முதலில் முடிவுசெய்தாக வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. “சாரா மாறி: 30, 40, 50 டிகிரி செல்சியஸ்” என்று எழுதுவார்கள். அவை மதிப்புகள், மாறியின் பெயர் நீரின் வெப்பநிலை.

எல்லாச் சாரா மாறிகளுக்கும் எண் இருக்காது. துணியின் வகை, காகிதத்தின் வகை, கிண்ணம் செய்யப்பட்ட பொருள் ஆகியவை வகைகளாகவே இருக்கும். இரண்டில் எது என்பதை இப்போதே தாளில் குறித்துவிடுங்கள். ஒன்பதாம் படியில் வரையும் வரைபடத்தின் வகை இதைப் பொறுத்தே அமைகிறது.

4. எந்த மதிப்புகள், எவ்வளவு இடைவெளி

மதிப்புகள் எண்ணாக இருந்தால் குறைந்தது ஐந்து மதிப்புகளாவது தேவை. இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டால் அவற்றுக்கிடையே நேர்கோடு மட்டுமே வரைய முடியும். நடுவில் வளைவு இருந்தால் அது தெரியவே தெரியாது. ஒளி கூடக்கூட ஒளிச்சேர்க்கையின் வேகம் முதலில் ஏறி, பிறகு ஒரு மட்டத்தில் நின்றுவிடும். இரண்டே மதிப்புகளை எடுத்த மாணவர் அந்த மட்டத்தைக் காணவே மாட்டார்.

இடைவெளி எவ்வளவு என்பதற்கு முன்னோட்டச் சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். உயர்நிலையில் செய்யும் தனி ஊசலை, அதாவது நூலில் குண்டைக் கட்டி ஆடவிடும் அமைப்பை, எடுத்துக்கொள்வோம். நூலின் நீளத்தை மாற்றி அலைவுநேரத்தை, அதாவது ஒருமுறை ஆடித் திரும்ப ஆகும் நேரத்தை, அளக்கிறோம். 50 சென்டிமீட்டரில் ஒரு முழு அலைவுக்கு ஏறத்தாழ 1.42 வினாடி ஆகும். 52 சென்டிமீட்டரில் 1.45 வினாடி. வேறுபாடு 0.03 வினாடிதான். நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தும் நம் விரலின் தாமதமே அதைப்போல் பல மடங்கு இருக்கும். ஆகவே 50, 51, 52 என்று எடுத்தவருக்கு நீளத்தின் விளைவு தெரியாது. விரலின் தாமதம்தான் தெரியும். 20, 40, 60, 80, 100 சென்டிமீட்டர் என்று எடுத்தால் அலைவுநேரம் ஏறத்தாழ 0.9 வினாடியிலிருந்து 2.0 வினாடி வரை விரிகிறது. ஒற்றை அலைவை அளக்காமல் 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து 20ஆல் வகுத்தால், விரலின் தாமதமும் அதே அளவு சுருங்கிவிடும்.

இங்கே ஓர் உள்ளூர்ச் சிக்கலைச் சொல்லவேண்டும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட பயிற்சிநூல்கள் பல, நீரின் வெப்பநிலையை 10, 20, 30 டிகிரி என்று எடுக்கச் சொல்கின்றன. நம் குழாய்நீரோ 30 டிகிரியை ஒட்டியே வரும். 10 டிகிரி நீர் வேண்டுமென்றால் பனிக்கட்டி போடவேண்டும். போட்டாலும், சர்க்கரை கரைந்து முடிவதற்குள் அந்த நீர் சூடேறிவிடும். அதாவது நாம் முடிவுசெய்த மதிப்பு சோதனையின் நடுவிலேயே நழுவிவிடுகிறது. முகவையைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து அந்தத் தொட்டியின் வெப்பநிலையைக் காப்பது ஒரு வழி. அது இயலாவிட்டால் தொடக்கத்திலும் முடிவிலும் வெப்பநிலையைக் குறித்து, எவ்வளவு நழுவியது என்று அறிக்கையில் எழுதுங்கள். வீட்டில் செய்யும் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு 30, 40, 50 டிகிரி போதும். சுடுநீரைப் பெரியவர் ஊற்றட்டும்.

5. அதோடு சேர்ந்து வேறு எது மாறுகிறது என்று தேடுங்கள்

என் கருத்தில் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான். பெரும்பாலானவர்கள் தாண்டிச் செல்வதும் இதைத்தான். சாரா மாறியைச் சரியாகப் பெயரிட்டுவிட்டோம் என்பதால் அது ஒன்றை மட்டுமே மாற்றுகிறோம் என்று ஆகிவிடாது. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் துணியில் பக்கத்து நூலும் சேர்ந்து வருவதுபோல், ஒன்றை மாற்றும்போது அதனோடு பிணைந்த இன்னொன்றும் சத்தமில்லாமல் மாறிவிடும். அது சார்ந்த மாறியையும் பாதிக்கக்கூடியதாக இருந்தால் நமக்குக் கிடைக்கும் விடை நம்பத்தக்கதல்ல.

ஊசலுக்கே திரும்புவோம். இப்போது கேள்வி, குண்டின் நிறையை மாற்றினால் அலைவுநேரம் மாறுமா என்பது. ஒரு மாணவர் சிறிய குண்டைக் கழற்றிவிட்டுப் பெரிய குண்டை அதே நூலில் கட்டுகிறார். அலைவுநேரம் சற்றுக் கூடுகிறது. நிறை கூடினால் அலைவுநேரம் கூடும் என்று எழுதிவிடுகிறார். ஆனால் ஊசலின் நீளம் தொங்கவிட்ட புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை அளக்கப்படுவது. பெரிய குண்டின் மையம் கீழே இருப்பதால் நீளமும் கூடிவிட்டது. அலைவுநேரத்தைக் கூட்டியது அதுதான். ஒரே அளவுள்ள, வெவ்வேறு உலோகத்தாலான குண்டுகளை எடுத்தாலோ, ஒவ்வொரு முறையும் மையம் வரை அளந்து நூலைச் சரிசெய்தாலோ, நிறைக்கும் அலைவுநேரத்துக்கும் தொடர்பில்லை என்பது தெரிந்துவிடும்.

முளைப்பதற்கு ஒளி தேவையா என்று பார்க்கப் பச்சைப்பயற்றை ஈரப்பஞ்சில் வைத்து, ஒரு கிண்ணத்தைச் சன்னலோரத்திலும் இன்னொன்றை அலமாரிக்குள்ளும் வைப்பது வழக்கம். இடம் மாறியபோது ஒளி மட்டுமா மாறியது? சன்னலோரம் வெப்பம் கூடுதல், பஞ்சு விரைவில் காயும், காற்றோட்டமும் வேறு. சன்னலோரத்துப் பயறு முளைக்கவில்லை என்றால் வெளிச்சம் கெடுத்துவிட்டது என்று பிள்ளை எழுதுவார். உண்மையில் பஞ்சு காய்ந்துவிட்டிருக்கும். இரண்டு கிண்ணங்களையும் நேர்வெயில் படாத ஒரே மேசையில் வைத்து, ஒன்றை ஒளி ஊடுருவும் நெகிழிப் பெட்டியாலும் மற்றதை அதே அளவுள்ள, அலுமினியத் தாள் சுற்றிய பெட்டியாலும் மூடுங்கள். மூடுவதால் வரும் ஈரமும் காற்றுத்தடையும் இப்போது இரண்டுக்கும் பொது. இரண்டிலும் பயறு முளைக்கும். முளைப்பதற்குத் தண்ணீரும் காற்றும் ஏற்ற வெப்பமும் வேண்டும், ஒளி வேண்டியதில்லை என்ற விடை அப்போது தெளிவாகக் கிடைக்கும்.

நீர்த்தாவரம் ஒன்றின்மேல் விளக்கொளியைப் பாய்ச்சி, வெளிவரும் குமிழிகளை எண்ணும் சோதனையிலும் இதே சிக்கல் உண்டு. விளக்கை நெருக்கிவைத்தால் ஒளியோடு வெப்பமும் கூடுகிறது; வெப்பமும் ஒளிச்சேர்க்கையின் வேகத்தை மாற்றும். அதனால்தான் விளக்குக்கும் செடிக்கும் நடுவில் நீர் நிரப்பிய கண்ணாடித்தொட்டியை வைக்கிறோம்: ஒளி கடந்துவிடும், வெப்பத்தின் பெரும்பகுதியை நீர் வாங்கிக்கொள்ளும். அந்தத் தொட்டி எதற்கு என்று தேர்வில் கேட்டால், “நீரின் வெப்பநிலையை மாறாமல் வைத்து, ஒளியின் செறிவு மட்டும் மாறும்படி செய்வதற்கு” என்று எழுதவேண்டும். இன்னொரு நுட்பமும் இங்கே இருக்கிறது. நாம் கையால் மாற்றுவது தொலைவு. அறிய விரும்புவது ஒளியின் செறிவு. சிறிய விளக்கிலிருந்து 10, 20, 30 சென்டிமீட்டர் தொலைவில் செறிவு 36 : 9 : 4 என்ற விகிதத்தில் விழும். தொலைவு சமஇடைவெளியில் ஏறினாலும் செறிவு அப்படி இறங்குவதில்லை.

வேதியியலில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, சோடியம் தயோசல்பேட்டோடு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து, திரவம் கலங்கி முகவையின் அடியில் வரைந்த குறி மறையும் நேரத்தை அளப்பது. செறிவைக் குறைக்க வெறுமனே குறைந்த அளவு தயோசல்பேட் ஊற்றினால், முகவையில் திரவத்தின் ஆழமும் குறைந்துவிடும். மேலிருந்து அந்த ஆழத்தின் வழியாகத்தான் குறியைப் பார்க்கிறோம் என்பதால், ஆழம் மாறினால் குறி மறையும் நேரமும் மாறும். ஆகவே 50 கன சென்டிமீட்டரில் 10 குறைத்தால் 10 தண்ணீர் சேர்க்கவேண்டும்: 50உம் 0உம், 40உம் 10உம், 30உம் 20உம் என்று மொத்தம் எப்போதும் 50ஆகவே இருக்கட்டும். இந்த வினையில் கந்தக டைஆக்சைடு வெளியாகும் என்பதால் இதைக் காற்றோட்டமுள்ள பள்ளி ஆய்வுக்கூடத்தில் மட்டுமே செய்யவேண்டும்.

வகைகளை ஒப்பிடும்போது இன்னும் விழிப்பாக இருங்கள். தேநீர் எவர்சில்வர் டம்ளரில் விரைவாக ஆறுமா, கண்ணாடி டம்ளரிலா என்ற கேள்விக்கு வீட்டிலுள்ள இரண்டு டம்ளர்களை எடுத்தால் அவற்றின் வாயகலம், சுவரின் தடிமன், உயரம் எல்லாமே வேறாக இருக்கும். பொருளால் வந்த வேறுபாடு என்று அதை எப்படிச் சொல்வது? முடிந்தவரை ஒரே வடிவம் உள்ளவற்றைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வேறு கேள்வியை எடுத்துக்கொள்வதே நேர்மையான வழி.

சுருக்கமாகச் செய்யவேண்டிய வேலை இது: உங்கள் தாளில் சாரா மாறிக்குக் கீழே “இதை மாற்றும்போது கூடவே மாறக்கூடியவை” என்று ஒரு வரி எழுதி, கருவியை மனத்தில் ஒருமுறை இயக்கிப் பார்த்து, தோன்றுவதையெல்லாம் அங்கே குறியுங்கள். அந்தப் பட்டியல் வெறுமையாக இருந்தால் இன்னும் சரியாகத் தேடவில்லை என்றே பொருள்.

6. மாறாமல் வைப்பவற்றை எப்படி வைப்பீர்கள் என்றும் எழுதுங்கள்

“வெப்பநிலை, நீரின் அளவு, இடம் ஆகியவற்றை மாறாமல் வைத்தேன்” என்பது விருப்பம் மட்டுமே. “ஒவ்வொரு தட்டிலும் அளவுச்சாடியால் 50 மில்லிலிட்டர் நீர் ஊற்றினேன், தட்டுகள் அனைத்தையும் ஒரே மேசையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு வைத்தேன்” என்பதே செயல். திட்டமிடும் வினாக்களில் இந்தச் செயல்தான் எதிர்பார்க்கப்படுகிறது.

ஆவியாதல் சோதனைக்கு நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இது குறிப்பாகத் தேவை. ஒரு தட்டு கூடத்தில் விசிறிக்கு நேர்கீழே, மற்றொன்று குளிர்சாதன அறையில், இன்னொன்று தாழ்வாரத்தில் என்று வைத்தால் காற்றின் வேகம், வெப்பம், ஈரப்பதம் மூன்றும் மாறிவிடும். நீரின் மேற்பரப்பின் பரப்பளவை மாற்றுவதுதான் சோதனை என்றால் எல்லாத் தட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஏடிஸ் கொசு முட்டையிட இடம் தராமல் இருக்க, ஓரிரு நாளில் அளந்துவிட்டுத் தட்டுகளைக் கவிழ்த்துவிடுங்கள்.

வானிலை போன்று நம் கைக்குள் அடங்காதவற்றுக்கு ஒரே தீர்வு, எல்லா அமைப்புகளையும் ஒரே நேரத்தில் நடத்துவது. டிசம்பர் மழைநாள்களில் ஒரு செடியையும் பிப்ரவரி வெயிலில் இன்னொன்றையும் வளர்த்து ஒப்பிடக்கூடாது. இரண்டும் ஒரே நாள்களில் வளர்ந்தால் மழையும் வெயிலும் இரண்டுக்கும் பொதுவாகிவிடும்.

மாறக்கூடியவை அனைத்தையும் பட்டியலிடவேண்டியதில்லை. சார்ந்த மாறியைப் பாதிக்கக்கூடியவற்றை மட்டும் எழுதுங்கள். மேசையின் நிறத்தைக் கட்டுப்படுத்தினேன் என்று எழுதுவது, எது முக்கியம் என்று புரியவில்லை என்பதைத்தான் காட்டும்.

7. ஒப்பீட்டு அமைப்பைக் கட்டுப்படுத்திய மாறியோடு குழப்பாதீர்கள்

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கண்ட்ரோல் என்ற சொல்லே வருவதால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இங்கே சறுக்குகிறார்கள். கட்டுப்படுத்திய மாறி என்பது எல்லா அமைப்புகளிலும் ஒன்றாக இருக்கும் ஓர் அளவு. ஒப்பீட்டு அமைப்பு என்பது நாம் சோதிக்கும் காரணியே இல்லாமல் வைக்கும் ஒரு முழு அமைப்பு. உரத்தின் விளைவை ஆராய்ந்தால் உரமே போடாத செடி ஒப்பீட்டு அமைப்பு. அந்தச் செடிக்கும் மற்றவற்றுக்கும் ஊற்றும் நீரின் அளவு கட்டுப்படுத்திய மாறி.

உரம் போட்ட செடி 4 சென்டிமீட்டர் வளர்ந்தது என்று மட்டும் தெரிந்தால் அது உரத்தால்தானா என்று சொல்லமுடியாது. உரமில்லாமலும் அது 4 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கலாம். ஒப்பீட்டு அமைப்பு எதற்கு என்ற வினாவுக்கு, “விளைவு சாரா மாறியால்தான் வந்தது, வேறொன்றால் அல்ல என்று உறுதிப்படுத்த” என்பதை அந்தச் சோதனையின் சொற்களில் எழுதுங்கள். பொது வாக்கியமாக விட்டுவிட்டால் மதிப்பெண் போய்விடும்.

8. நடத்தும் வரிசையும் திரும்பச் செய்வதும்

ஒவ்வொரு மதிப்புக்கும் குறைந்தது மூன்றுமுறை அளந்து சராசரி எடுங்கள். திரும்பச் செய்யும்போது எதையும் மாற்றக்கூடாது. மாற்றினால் அது புதிய மதிப்பாகிவிடும், திரும்பச் செய்ததாகாது. மூன்றில் ஒன்று மிகவும் விலகியிருந்தால் அதைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். குறித்துவைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

சாரா மாறியின் மதிப்புகளை எப்போதும் சிறியதிலிருந்து பெரியது என்று ஏறுவரிசையிலேயே நடத்தினால் ஓர் ஆபத்து உண்டு. நேரம் செல்லச்செல்ல அறை சூடாகலாம், கை களைத்துப்போகலாம், ரப்பர் வளையம் இழுபட்டுத் தளரலாம். அந்த மாற்றமும் சாரா மாறியோடு சேர்ந்தே ஏறுவதால் இரண்டையும் பிரிக்கமுடியாது. 60, 20, 100, 40, 80 என்று கலைத்து நடத்துங்கள். அட்டவணையில் எழுதும்போது வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

9. அட்டவணையும் வரைபடமும்

அட்டவணையின் இடப்பக்கத்து முதல் நிரலில் சாரா மாறி வரவேண்டும். அலகைத் தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் எழுதவேண்டியதில்லை. நிரலை நிரப்பும் வேளையும் இந்த வரிசைக்கு ஒரு சோதனைதான்: இடப்பக்கத்து நிரலைச் சோதனைக்கு முன்பே நிரப்ப முடியவேண்டும். முடியவில்லை என்றால் சாரா மாறியைத் தவறாகக் கண்டிருக்கிறீர்கள்.

வரைபடத்தில் சாரா மாறி கிடை அச்சிலும் சார்ந்த மாறி செங்குத்து அச்சிலும் வரும். மூன்றாம் படியில் எண் என்று குறித்திருந்தால் கோட்டு வரைபடம். வகை என்று குறித்திருந்தால் பட்டை வரைபடம். பருத்தி, பட்டு, பாலியெஸ்டர் ஆகியவற்றின் புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது பொருளற்றது; பருத்திக்கும் பட்டுக்கும் நடுவே பாதிவழியில் ஒரு துணி இல்லை.

உயர்நிலை மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. சில வினாக்கள் அச்சுகளைத் தாமே கொடுத்துவிடும். ஊசலில் அலைவுநேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரையச் சொல்வது வழக்கம், அப்போதுதான் நேர்கோடு கிடைக்கும். அங்கே வினா கேட்டபடியே வரையுங்கள்.

10. முடிவை எழுதுவதும் வினாவில் கண்டுபிடிப்பதும்

முடிவு வாக்கியத்தில் சாரா மாறி முதலிலும் சார்ந்த மாறி அடுத்தும் வரட்டும்: “நூலின் நீளம் கூடக்கூட அலைவுநேரம் கூடுகிறது.” தலைகீழாக எழுதினால் காரணமும் விளைவும் இடம்மாறிவிடும். குமிழிகள் கூடியதால் ஒளி கூடியது என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் அவசரத்தில் அப்படி எழுதப்பட்ட விடைகள் ஏராளம்.

தொடக்கநிலைத் தேர்வில் அடிக்கடி வருவது, நான்கு அமைப்புகளின் படங்களைக் கொடுத்து, ஒளியின் விளைவை அறிய எந்த இரண்டை ஒப்பிடவேண்டும் என்று கேட்பது. பிள்ளைகள் ஒளி வேறுபடும் முதல் இரண்டைக் கண்டவுடனே எழுதிவிடுகிறார்கள். படங்களுக்குப் பக்கத்தில் சிறு அட்டவணை போட்டு ஒளி, நீர், மண், செடியின் வகை என்று ஒவ்வொன்றையும் நிரப்பச் சொல்லுங்கள். ஒளி மட்டும் வேறுபட்டு, மீதி எல்லாம் ஒத்துப்போகும் இணைதான் விடை. நீரும் வேறுபட்டால் அந்த இணை பயன்படாது.

கடைசியாக, முடிவை நீங்கள் சோதித்த எல்லைக்குள் நிறுத்துங்கள். 30 முதல் 50 டிகிரி வரை சோதித்த மாணவர், அந்த எல்லைக்குள் வெப்பநிலை கூடக்கூடச் சர்க்கரை விரைவாகக் கரைந்தது என்று எழுதலாம். மாவுச்சத்தைச் சிதைக்கும் அமிலேஸ் நொதியை (என்சைம்) அதே எல்லைக்குள் சோதித்த மாணவர் அப்படியே எல்லா வெப்பநிலைக்கும் நீட்டிவிட்டால் தவறு நேரும். வெப்பம் மிகும்போது நொதி சிதைந்து, வினையின் வேகம் விழுந்துவிடும். அங்கே 60, 70 டிகிரியையும் சேர்த்துச் சோதிப்பதற்காக நான்காம் படிக்குத் திரும்பவேண்டியிருக்கும்.